மெக்கானிக்கின் டூல் செலவு: எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

என் டூல் பெட்டியை ஒருமுறை முழுசாகக் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்துப் பார்த்தேன். வாரத்தில் ஒருமுறையாவது கைக்கு வருபவை ஒரு குவியல். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படுபவை இன்னொன்று. வாங்கிய அன்று ஆசையாகத் துடைத்து வைத்ததோடு சரி, அப்புறம் தொடவே இல்லாதவை மூன்றாவது. விலையைக் கூட்டிப் பார்த்தால் அந்த மூன்றாவது குவியல்தான் மற்ற இரண்டையும் விடப் பெரிய தொகையாக வந்தது. அதே சமயம் தினமும் புழங்குகிற ராட்செட்டோ (பல் வைத்த, நட்டு திருகும் கைப்பிடி) மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்தது. பல் வழுக்கி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டே இருந்தது.

பணம் போதாமல் வந்த சங்கடம் இல்லை இது. வாங்குகிற வரிசை தெரியாமல் வந்தது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். இன்னொருவரின் பட்டறையில் மாதச் சம்பளத்துக்கோ, வேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்கோ உழைத்துக்கொண்டே சொந்தமாக டூல் சேர்ப்பவரை மனத்தில் வைத்து எழுதியது. சொந்தப் பட்டறை வைத்திருப்பவருக்கும் பாதியாவது பொருந்தும்.

படி 1: விலையை நாள் சம்பளமாக மாற்றுங்கள்

டூலின் விலையை உங்கள் ஒரு நாள் வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். "இந்த ராட்செட் ஒன்றரை நாள் உழைப்பு, அந்த டார்க் ரெஞ்ச் நாலு நாள், ஸ்கேனர் ஒன்றரை மாதம்" என்று நாட்களில் எழுதினால், கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது வரும் மயக்கம் பாதி தெளிந்துவிடும். வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மிஞ்சும் பணத்தை வைத்து வகுத்தால் இன்னும் சரியான கணக்கு வரும். ஒன்றரை நாள் என்று தோன்றியது பத்து நாள் என்று காட்டும்.

அடுத்தது, அந்த டூல் திருப்பித் தரும் நேரம். ஒரு வேலை சாதாரண டூலில் 90 நிமிடம் பிடிக்கிறது, அதற்கென்று உள்ள டூல் இருந்தால் 30 நிமிடத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தடவைக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மாதம் நாலு முறை அந்த வேலை வந்தால் நாலு மணி நேரம், அதாவது அரை நாள். டூலின் விலை மூன்று நாள் சம்பளம் என்றால் ஆறு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். வருடத்துக்கு நாலே முறைதான் வருகிறது என்றால் ஆறு வருடம். அதற்குள் அந்த மாடல் வண்டியே ரோட்டில் குறைந்துபோகலாம்.

இந்தக் கணக்கைப் போடுகிற எல்லோரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: மிச்சமாகும் அந்த அரை நாள் யாருக்குப் போகிறது? வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அது அவருடைய அரை நாள். இன்னொரு வண்டியை இழுத்துப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு அப்படி இல்லை. மிச்சமான நேரத்தில் முதலாளி அடுத்த வண்டியைக் கொடுப்பார், சம்பளம் அதேதான். நேரம் யாருக்கு மிச்சமாகிறதோ அவர்தான் அதற்குப் பணம் போட வேண்டும். நான் மாதச் சம்பளத்தில் இருந்த காலத்தில் பட்டறைக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற டூலைப் பெருமையாகச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாக வாங்கினேன்.

விதிவிலக்கு உண்டு. உங்கள் முதுகையும் மணிக்கட்டையும் கண்ணையும் காக்கிற எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதேபோல் கைத்திறனோடு கூடவே வரும் அடிப்படை டூல்கள், நாளைக்கு வேறு பட்டறைக்குப் போனாலும் உங்களோடு வருபவை, உங்களுடையதாகவே இருப்பது நல்லது.

படி 2: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு போதும். இரண்டே விஷயம்: இன்று எந்த டூலை இன்னொருவரிடம் ஓசி கேட்டேன், எந்த டூல் இல்லாமல் சுற்றி வளைத்து வேலையை முடித்தேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் ஞாபகம் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும். ஒரே ஒரு நாள் படாதபாடு படுத்திய வேலைதான் மனத்தில் நிற்கும். அதற்கான டூலைத்தான் வாங்கத் தோன்றும். ஆனால் தினமும் மூன்று தடவை கேட்டு வாங்கியது ராட்செட் எட்டாத இடத்துக்கு மாட்டும் நீளமான 3/8 அங்குல எக்ஸ்டென்ஷனாக இருக்கும்.

மூன்று முறை இரவல் கேட்டால் சொந்தமாக வாங்கிவிடு என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. நல்ல பேச்சுதான். நான் அதில் ஒரு திருத்தம் மட்டும் செய்வேன்: மூன்று முறையும் ஒரே மாதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று வருடத்தில் மூன்று முறை கேட்டது கணக்கில் வராது.

படி 3: முதலாளியிடம் பேசிவிடுங்கள்

எந்தெந்த டூல் பட்டறையுடையது, எது உங்களுடையது என்பதை வேலையில் சேரும்போதே பேச வேண்டும். நாடு விட்டு நாடு பழக்கம் மாறும். அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் கை டூல் பெரும்பாலும் மெக்கானிக்கின் சொந்தப் பொறுப்பு. டூல் கம்பெனிகளின் வண்டியே பட்டறை வாசலுக்கு வந்து தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். வேறு பல இடங்களில் பட்டறையே ஒரு பொது டூல் போர்டு வைத்திருக்கும். எங்கே இருந்தாலும் லிஃப்ட், கம்ப்ரெஷர், ஏசி கேஸ் இயந்திரம், வீல் அலைன்மென்ட், பிரஸ், எஞ்சின் இறக்கும் கிரேன் இவையெல்லாம் பட்டறையின் செலவு. இதில் கூச்சமே வேண்டாம்.

கேட்க வேண்டியவை: வேலையில் என் சொந்த டூல் உடைந்தால் யார் மாற்றித் தருவது? ராத்திரி பட்டறையில் திருட்டுப் போனால் பட்டறையின் இன்ஷூரன்ஸில் என் பெட்டி அடங்குமா? தீப்பிடித்தால்? பெரும்பாலும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். பட்டியலும் போட்டோவும் முதலாளி கையெழுத்தோடு ஒரு தாளில் இருந்தால் பிற்பாடு பேச்சு சுலபம். வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். தொழிலுக்கு வாங்கிய டூலுக்கு வரிச்சலுகை உள்ள நாடுகளும் உண்டு, இல்லாத நாடுகளும் உண்டு. எப்படி இருந்தாலும் பில் இல்லாமல் கேட்க முடியாது.

படி 4: முதல் பெட்டி

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 200 உருப்படி கொண்ட செட் ஒன்று பளபளவென்று பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் 60, 70 உருப்படி ஸ்க்ரூ டிரைவர் பிட்டாக இருக்கும். இன்னொரு பங்கு அங்குல அளவு சாக்கெட்டுகள் (போல்ட் தலைமேல் மாட்டும் குழல்கள்); நீங்கள் பார்க்கும் வண்டிகள் மி.மீ. அளவில் வருபவை என்றால் அவை பெட்டிக்குப் பாரம்.

எந்த அளவு வேண்டும் என்பதை நீங்கள் பார்க்கும் வண்டிதான் சொல்லும். போல்ட்டின் தடிமன் ஒன்றாக இருந்தாலும் தலை ஒன்றாக இருப்பதில்லை. எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் 13 மி.மீ. தலை, ஜப்பானிய வண்டிகளில் 12. எம்10 என்றால் ஐரோப்பிய வண்டியில் 16 அல்லது 17, ஜப்பானியதில் 14. எம்12 என்றால் ஐரோப்பியதில் 18 அல்லது 19, ஜப்பானியதில் 17. எம்6 மட்டும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 10. பட்டறையில் எப்போது பார்த்தாலும் 10 நம்பரைத் தேடிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வண்டியிலும், அதுவும் கை நுழையாத மூலையில், அதுதான் வேலை செய்கிறது. ஆக, ஜப்பானிய வண்டிகளே அதிகம் வரும் இடத்தில் 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு அளவோடு ஒரு வருடம் ஓட்டிவிடலாம். ஐரோப்பிய வண்டி என்றால் 13, 15, 16, 18 கூடச் சேரும். ஆறு இதழ் நட்சத்திரத் தலைக்கான டார்க்ஸ் பிட்டும், வெளி டார்க்ஸ் சாக்கெட்டும், ஜெர்மன் வண்டிகளில் வரும் 12 முனை ஸ்ப்லைன் பிட்டும் தேவைப்படும். 10 நம்பரில் மட்டும் முதலிலேயே மூன்று வாங்கிவிடுங்கள்.

கைப்பிடிகளில் 3/8 அங்குல ராட்செட்தான் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு அது) கார் மெக்கானிக்குச் சோறு போடுவது. அதற்குப் பிறகு அரை அங்குலத்தில் ஒரு நீள பிரேக்கர் பார் (இறுகிய போல்ட்டைத் தளர்த்தும் கைப்பிடி). கால் அங்குலம் மூன்றாவது. பைக் வேலை அதிகம் என்றால் அது முதலிடத்துக்கு வரும். ராட்செட் வாங்கும்போது பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 36 பல் என்றால் ஒரு சொடுக்குக்குக் கைப்பிடியை 10 டிகிரி அசைக்க வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். திறந்த வெளியில் இரண்டும் ஒன்றுதான். எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் பயணிகளையும் பிரிக்கும் தகடு) நடுவில் கை மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து டிகிரியில்தான் வேலை நடக்கும். இந்த ஒரு பொருளில் காசு பார்க்காதீர்கள். உள்பாகம் மாற்றும் ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து எடுத்தால், பல் போனாலும் கைப்பிடியைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒவ்வொரு அளவுக்கும் தனி ஸ்பேனர் வாங்காமல் கைப்பிடியையும் சாக்கெட்டையும் பிரித்துவிடுவதே ஒரு பெரிய சிக்கனம். ஸ்னாப்-ஆன் கம்பெனி 1920-இல் தொடங்கியதே இந்த யோசனையில்தான்: ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், ஐம்பது ஸ்பேனரின் வேலை. அதனால் எக்ஸ்டென்ஷனிலும் யுனிவர்சல் ஜாயின்ட்டிலும் போடும் காசு எல்லா சாக்கெட்டுக்கும் பொதுவாகப் பலன் தரும். 75, 150, 250 மி.மீ. நீளத்தில் மூன்று எக்ஸ்டென்ஷன் இருந்தால் நாலைந்து சிறப்பு ஸ்பேனர்களின் தேவை இல்லாமல் போகும்.

சாக்கெட் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? பன்னிரண்டு முனை மாட்டுவதற்குச் சுலபம். ஆனால் துருப்பிடித்த போல்ட், ஏற்கெனவே யாரோ மழுக்கி வைத்த தலை, இவற்றில் ஆறு முனைதான் பிடிக்கும். முதல் செட் ஆறு முனையாக இருக்கட்டும். ரிங் ஸ்பேனர் பன்னிரண்டு முனையில் இருந்தால் பரவாயில்லை. குறுகிய இடத்தில் திரும்ப மாட்டுவதற்கு அது வசதி.

பலர் கவனிக்காத ஒன்று ஸ்டார் ஸ்க்ரூ. பழைய ஜப்பானிய பைக்குகளிலும் கார்பரேட்டர்களிலும் வரும் கூட்டல் குறித் தலை, சாதாரண பிலிப்ஸ் டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், பலமாகத் திருகினால் வெளியே தள்ளிக்கொண்டு தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரவிதி) அளவுள்ள டிரைவர் இரண்டு வாங்கி வைத்தால், ஸ்க்ரூவைத் துளை போட்டு எடுக்கும் வேலை எத்தனையோ குறையும்.

கஞ்சத்தனம் காட்டலாமா என்று எப்படித் தீர்மானிப்பது? நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது தோற்றால் கூடவே என்ன கெடும்? மலிவான சுத்தியல், உளி, ட்ரே, காந்தக் குச்சி, புனல், ப்ரை பார், கம்பி பிரஷ் தோற்றால் அது மட்டும்தான் போகும்; இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மலிவான ஸ்பேனரின் வாய் விரிந்தால் போல்ட் தலை மழுங்கும், பிரேக் பைப் நட் மழுங்கினால் பைப்பையே மாற்ற வேண்டிவரும், அந்தப் பாதி நாள் கூலி யாரும் தரமாட்டார்கள். அதனால் பிரேக் பைப்புக்கான ஃப்ளேர் நட் ஸ்பேனர், சர்க்லிப் பிளேயர், ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் நுனி, இவற்றில் தரம் பாருங்கள். ஆலன் கீ மலிவு சரக்கு என்றால் நுனி முறுக்கிக்கொண்டு போல்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

ஜாக் ஸ்டாண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. ஜாக்கில் மட்டும் நிற்கிற வண்டிக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டாண்டின் தாங்கும் எடை அதன் மேலேயே பொறித்திருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கக் கூடாத பொருள் இது.

படி 5: அளக்கும் கருவிகள்

டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு பலத்தில் இறுக்க உதவும் கருவி) இல்லாமல் கைப்பழக்கத்திலேயே இறுக்குபவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு உண்மையாகவே கை பேசும். ஆனால் ஆயில் நிற்கும் அலுமினியச் சம்ப்பில் டிரெயின் போல்ட்டை ஒரு திருகு கூட இறுக்கி மரை போய்விட்டால், ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடும் செலவும் வாடிக்கையாளர் முகமும் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்ச் விலையைத் தாண்டிவிடும்.

ஒரே ரெஞ்சில் எல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். கைமுறை டார்க் ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரவிதி, ரெஞ்சின் அதிகபட்ச அளவில் 20 சதவீதத்திலிருந்து மேலேதான் துல்லியத்தைச் சோதிக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் 40-க்குக் கீழே சொல்வதை நம்ப முடியாது. கார் வீல் நட்டுகள் பெரும்பாலும் 100-ஐ ஒட்டி வரும்; அதற்கு அது சரி. ஸ்பார்க் பிளக்குக்கும் வால்வ் கவர் போல்ட்டுக்கும் அதை வைத்தால் உடைத்துவிடுவீர்கள். எனவே இரண்டு வேண்டும். முதலில் எதை வாங்குவது என்றால் 3/8 அங்குலத்தில் சின்னதை வாங்கச் சொல்வேன். பெரிய ரெஞ்ச் ஒன்று எந்தப் பட்டறையிலும் தொங்கிக்கொண்டிருக்கும், சின்னது இருக்காது.

அதே தரவிதி, தயாரிப்பாளரோ பட்டறையோ வேறு கால அளவு வைக்காத இடத்தில், 12 மாதம் அல்லது 5,000 இறுக்கத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். அதற்கும் கீழே சுழற்றிவிட வேண்டாம். அதை வைத்துப் பிடிவாதமான போல்ட்டைக் கழற்றுகிற ஆளுக்கு மறுபடி கடன் கொடுக்காதீர்கள்.

மல்டிமீட்டர் விஷயம் சுருக்கமாக: உள்தடை 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர் ஒன்று, நல்ல வயர்களோடு. மீட்டரை விட அதன் வயரும் நுனியும்தான் முதலில் போகும். சென்சார், கம்ப்யூட்டர் லைன்களில் பழைய பல்ப் டெஸ்ட் லைட்டை வைக்க வேண்டாம். அது இழுக்கும் கரன்ட் தாங்காமல் போகலாம்.

படி 6: பேட்டரி டூல்

இம்பாக்ட் ரெஞ்சை (அடித்து அடித்துத் திருகும் கன்) ஒருமுறை கையில் பிடித்தவர் திரும்பக் கைமுறைக்குப் போகமாட்டார். அதனால்தான் இங்கே செலவு கட்டுமீறும். கவனிக்க வேண்டியது டூலின் விலையை விடப் பேட்டரியின் விலை. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி டூலில் பொதுவாகப் பொருந்தாது. முதல் டூலை எடுக்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். எனவே முதல் டூலின் தள்ளுபடியைப் பார்க்காமல், அதே பேட்டரியில் ராட்செட், கிரைண்டர், டிரில், விளக்கு எல்லாம் வருகிறதா, பேட்டரி தனியாக என்ன விலை, பக்கத்தில் சர்வீஸ் உண்டா என்று பாருங்கள். இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து வரும் செட்டை ஒருமுறை வாங்கி, பிறகு பேட்டரி இல்லாத வெறும் டூலாகச் சேர்த்துக்கொண்டு போவதுதான் கட்டுப்படியாகும் வழி. பட்டறையில் நல்ல கம்ப்ரெஷரும் காற்று லைனும் இருந்தால் காற்றில் ஓடும் கன் இன்னும் மலிவு, எடையும் குறைவு.

அப்புறம், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை. இம்பாக்ட் கன்னுக்குக் காசைக் கொட்டிவிட்டு, அதில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டுவார்கள். கை சாக்கெட் கடினமான எஃகு. அடியைத் தாங்காமல் வெடித்துத் தெறிக்கும். இம்பாக்ட் சாக்கெட் கறுப்பாக, தடித்த சுவரோடு, பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகில் வரும். 17, 19, 21 மூன்று ஆழமான இம்பாக்ட் சாக்கெட்டும் கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கன்னோடு சேர்ந்த செலவு என்றே எண்ணுங்கள்.

படி 7: ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி இது. டூல் செலவிலேயே வாங்கிய பிறகும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். வருடா வருடம் அப்டேட் சந்தா கேட்கும்; கட்டாவிட்டால் புது மாடல் வண்டியைப் பார்த்து விழிக்கும். விலையை எழுதும்போது மூன்று வருட சந்தாவையும் கூட்டி எழுதுங்கள். சந்தா நின்றால் பழைய வண்டிகளையாவது தொடர்ந்து படிக்குமா, மொத்தமாகப் பூட்டிக்கொள்ளுமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைப் பொதுக் குறியீட்டில் சொல்லும் முறை) கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசல் கார்களுக்கு 2004. அதனால் புகை சம்பந்தப்பட்ட எஞ்சின் கோளாறுக் குறியீடுகளை (கோடு) மிக மலிவான ரீடரும் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், பாடி கண்ட்ரோல் இவற்றுக்குள் போகத்தான் பெரிய ஸ்கேனர் வேண்டும். உங்கள் நோட்டில் மாதம் எத்தனை முறை அந்த வேலைகள் வந்தன? ஒன்றிரண்டு என்றால், கோடு படிக்கவும் லைவ் டேட்டா பார்க்கவும் ஒரு சின்ன கருவி போதும்; பெரியதைப் பட்டறை வாங்கட்டும். ஸ்கேனருக்கு முதலாளி கூலி தனியாக வசூலிக்கிறார் என்றால் அதை நீங்கள் வாங்கித் தருவதில் நியாயமே இல்லை.

இன்னொன்று. ஸ்கேனர் பார்ட்டைச் சொல்லாது. பி0171 என்ற கோடைக் காட்டினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாக இருக்கிறது என்றுதான் பொருள். அது வெடித்த வேக்யூம் ஹோஸா, அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சாரா, பெட்ரோல் பம்ப்பா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மடங்கு விலை கொடுத்து ஸ்கேனர் வாங்குவதற்கு முன் அதில் பாதியை ஒரு நல்ல பயிற்சிக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் இருக்கிறார்கள்.

படி 8: சிறப்பு டூல்கள்

டைமிங் பூட்டும் கிட், பேரிங் புல்லர், கிளட்ச் சென்டர் செய்யும் கம்பி, இன்ஜெக்டர் புல்லர் போன்றவை. என் மூன்றாவது குவியலில் கிடந்தவை பெரும்பாலும் இந்த ஜாதி. ஒரே வேலைக்கு, ஒரே எஞ்சின் குடும்பத்துக்கு மட்டும் உதவும். வாங்குவதற்கு முன் மூன்று வழி உண்டு. பட்டறையில் இருக்கும் மெக்கானிக்குகள் ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். யார் யாரிடம் எது இருக்கிறது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினால் ஒரே கிட்டை இரண்டு பேர் வாங்கும் கூத்து நடக்காது. வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் வாடகையை வேலைக் கூலியோடு முன்கூட்டியே சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, நாமே செய்துகொள்வது. பழைய பேரிங்கின் வெளி வளையம் புது பேரிங்கை உள்ளே தட்ட அருமையான டூல். பழைய கிளட்ச் பிளேட்டில் ஒரு கைப்பிடி வெல்டிங் செய்தால் கிளட்ச் ஹப்பைப் பிடிக்கும் டூல் தயார்.

செய்யக் கூடாத இடமும் உண்டு. கேம் ஷாஃப்ட்டைப் பூட்ட டிரில் பிட்டைச் செருகுவதும், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைக் கயிறு கட்டி அமுக்குவதும் சிக்கனத்தில் சேராது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும்.

மின்சார வண்டி வேலைக்கு இறங்குகிறீர்கள் என்றால் ஐஈசி 60900 தரக்குறியோடு 1000 வோல்ட் வரை காப்புள்ள டூல்கள், அதற்கேற்ற ரப்பர் கையுறை, கேட்-3 (மீட்டரின் பாதுகாப்பு வகுப்பு) மதிப்புள்ள மீட்டர் வேண்டும். பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பேனர் அந்த இடத்தில் செல்லாது. பயிற்சி இல்லாமல் இவற்றை வாங்கியும் பயனில்லை.

படி 9: எங்கே, எப்படி வாங்குவது

தவணையைப் பற்றி முதலில். பத்து நாள் சம்பள விலையுள்ள டூல், வட்டியோடு கட்டி முடிக்கும்போது பன்னிரண்டு நாளாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டூல் மாதம் அரை நாள் மிச்சம் பிடிக்கிறது என்றால், வட்டிக்கு மட்டும் நாலு மாதம் உழைக்கிறது. ஒரு டூலுக்குத் தவணை என்றால் சமாளித்துவிடலாம். பழையது முடிவதற்குள் புதியது, அது முடிவதற்குள் இன்னொன்று என்று போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு தவணை, அதுவும் முடியும் வரை கடை பக்கம் போகாமல் இருப்பது, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தடுப்பு. தவணைப் புத்தகம் உங்கள் கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

வாழ்நாள் உத்தரவாதம் என்ற வார்த்தைக்கும் விலை உண்டு. ஸ்பேனரும் சாக்கெட்டும் உடைந்தால் மாற்றித் தருவார்கள், நல்லது. ஆனால் மாற்ற நீங்கள் எங்கே போக வேண்டும், எத்தனை நாள் ஆகும், பில் வேண்டுமா என்று கேளுங்கள். உத்தரவாதம் உள்ள விலை உயர்ந்த ஒன்றை விட, அதே அளவில் நடுத்தரமான இரண்டு கையில் இருப்பது சில சமயம் மேல். வேலை நிற்காது.

பழைய டூல் வாங்க எனக்குத் தயக்கமே இல்லை. ஓய்வு பெறும் மெக்கானிக்கின் பெட்டியில் கிடைக்கும் ரிங் ஸ்பேனர் செட் புதியதை விட நன்றாக இருக்கும். ஸ்பேனரின் வாயில் ஒரு புது போல்ட்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். ராட்செட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இரண்டு பக்கமும் சுழற்றி, பல் தாவுகிறதா என்று கேளுங்கள். சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் தேடுங்கள். ஜாக், ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், பேட்டரி நான்கையும் மட்டும் பழசாக வாங்காதீர்கள். புதிதாக வாங்கும்போது பெயர்போன கம்பெனியின் போலிச் சரக்கிலும் கவனம் வேண்டும்: எழுத்து பொறித்ததாக இல்லாமல் லேசாக அச்சடித்ததாக இருக்கும், குரோம் பூச்சு ஓரத்தில் செதிலாகப் பெயரும். முடிந்தவரை கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் எடுங்கள்.

படி 10: தொலையாமல் பார்த்துக்கொள்வது

வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால், உடைந்த டூலை விடத் தொலைந்த டூலுக்குத்தான் நான் அதிகம் கொடுத்திருக்கிறேன். திருட்டு அதில் கொஞ்சம்தான். பெரும்பாலானவை எஞ்சின் கவருக்கு அடியிலும் பம்பர் இடுக்கிலும் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு வீட்டுக்குப் போய்விட்டன.

பெட்டித் தட்டில் ஃபோம் போட்டு ஒவ்வொரு டூலின் வடிவத்துக்கும் குழி வெட்டினால் எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். விமானப் பராமரிப்பில் இது சாதாரண நடைமுறை. அங்கே ஒரு சாக்கெட் விட்டுப்போவதன் விலை வேறு. ஃபோம் கூட வேண்டாம், ஒரு பலகையில் மார்க்கரால் உருவம் வரைந்தாலே போதும். ஒவ்வொரு டூலிலும் உங்கள் அடையாளத்தைப் பொறித்து வையுங்கள். பெயின்ட் பிரேக் க்ளீனரில் போய்விடும். இரவல் கொடுத்தால் அந்தக் குழியில் வாங்கியவர் பெயரெழுதிய சீட்டை வையுங்கள்.

எண்ணிப் பார்ப்பதை வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது செய்யாதீர்கள். அப்போது வண்டி போயிருக்கும். பானெட்டை மூடுவதற்கு முன் தட்டை ஒருமுறை பாருங்கள். 10 நம்பர் குழி காலியாக இருந்தால் சாவியைக் கொடுக்க வேண்டாம். டார்ச்சை எடுத்து முதலில் பேட்டரி தட்டுக்கு அடியில் தேடுங்கள்.